சர்ப்பகந்தா: மனத்தைத் தணித்த வேர்

சர்ப்பகந்தா பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத குறுஞ்செடி. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் வட்டமாகச் சுற்றி நிற்கும். பூ வெள்ளை, அதில் லேசான ஊதாச் சாயல். பூக்காம்பு மட்டும் நல்ல சிவப்பு. காய் பழுத்தால் கருநீலமாகிவிடும். தோண்டி எடுத்த வேர் கோணல்மாணலாக, மண்ணிறப் பட்டையில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கங்களோடு இருக்கும். காய்ந்த பிறகு ஒடித்தால் சட்டென்று முறியும். மணம் கிடையாது, நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. மருந்துச் சத்தில் பெரும்பகுதி வேரின் பட்டையில்தான் இருக்கிறது. அதனால் கழுவும்போதும் உலர்த்தும்போதும் பட்டை உரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதன் சொந்தக்காரச் செடிகள். இமயமலை அடிவாரத்திலிருந்து அசாம், பர்மா வரையிலும், தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை வரையிலும் நிழலும் ஈரமும் உள்ள காடுகளில் தானாக வளர்வது. சிவன் அமல்பொடி என்ற பெயரிலும் மூலிகை நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

மனத்தைத் தணிக்கும் மூலிகை என்று நம்மிடம் நீண்ட வரிசையே உண்டு: அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில். ஆனால் இவற்றில் எதுவும் சர்ப்பகந்தா அளவுக்கு நவீன மருத்துவத்தின் உள்ளே போய் அதன் போக்கையே மாற்றியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் மனநோய் மருத்துவம், இரத்த அழுத்த மருத்துவம், மூளை வேதியியல் மூன்றிலும் இதன் தடம் இருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. இந்த வேர் மனத்தைத் தணிப்பது உண்மை. அது உண்மையாக இருப்பதாலேயே, அளவு தெரியாமல் கைவைத்தால் கெடுதல் செய்வதும் உண்மை. மூலிகையைப் போற்றுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். மூலிகை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள்.

பழைய நூல்களில் இதற்கு என்ன இடம் என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. சமஸ்கிருத மருத்துவ நூல்கள் இந்தப் பெயரைப் பெரும்பாலும் நஞ்சு முறிவோடு சேர்த்தே பேசுகின்றன. பாம்புக்கடி, தேள்கடி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு என்று பயன் பட்டியல் நீளும். அந்தப் பெயர் எல்லா இடத்திலும் இதே செடியைத்தான் குறித்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் நூலும் பாம்புக்கடிக்கான வேர்களில் ஒன்றாகவே இதைப் பேசியிருப்பதாகக் கொள்ளப்படுகிறது. பாம்பு நஞ்சை இந்த வேர் முறிக்கும் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் நச்சுமுறி ஊசிதான் மருந்து. வேரை அரைத்துக்கொண்டிருக்கும் நேரம் உயிரைக் குடிக்கும்.

மனநோய்க்கு இதைக் கொடுத்த அறிவு ஏட்டிலிருந்து வந்ததைவிட ஊரிலிருந்து வந்ததாகவே தெரிகிறது. பீகாரிலும் வங்காளத்திலும் பைத்தியத்துக்கு மருந்து என்ற பெயரிலேயே இந்த வேர் சந்தைகளில் விற்றது. அழுகிற குழந்தையைத் தூங்கவைக்க ஏழைத் தாய்மார்கள் அங்கே இதைக் கொடுத்த வழக்கத்தையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்த வழக்கம் அச்சம் தருகிறது. ஆனால் அந்த ஊர் மக்கள் கண்டது சரியாக இருந்தது. எழுதப்பட்ட நஞ்சுமுறிவு நிரூபணமாகவில்லை. பேச்சு வழக்கில் இருந்த தணிப்பு நிரூபணமானது. பாரம்பரிய மருத்துவம் என்றால் ஏடுகள் மட்டும்தான் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செடியின் அறிவியல் பெயரான ரவுவுல்ஃபியாவில் இருக்கும் ரவுவுல்ஃப் என்பவர் இந்தியப் பக்கமே வராதவர். ஆக்ஸ்பர்க் நகர மருத்துவரான அவர் 1573 முதல் சில ஆண்டுகள் சிரியா, ஈராக் பகுதிகளில் பயணம் செய்தார். காப்பி குடிக்கும் பழக்கத்தை ஐரோப்பியர்களுக்கு முதலில் எழுதிச் சொன்னவர்களில் ஒருவர். அவருடைய நினைவாகப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ப்ளூமியே 1703இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்.

நவீன ஆய்வு தொடங்கியது இந்தியாவில், இந்தியர் கையால். டில்லியில் ஆயுர்வேத, யுனானி கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், நாட்டு மருந்துகளை வேதியியல் முறைப்படி ஆராய வேண்டும் என்று விரும்பி, ஜெர்மனியில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திக்கியை அந்த வேலைக்கு அழைத்திருந்தார். அஜ்மல் கான் 1927இல் காலமானார். 1931இல் சித்திக்கியும் உடன் பணியாற்றியவரும் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஆல்கலாய்டு எனும் தாவர வேதிப்பொருள்கள் பலவற்றைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் சூட்டினார் சித்திக்கி. அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர்த்தூள் பயன்படுவதை எழுதினார்கள். அவர்கள் கொடுத்த அளவு ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிரெய்ன், நாளுக்கு இருவேளை. இன்றைய கணக்கில் வேளைக்கு சுமார் 1.3 முதல் 2 கிராம். இந்த எண் பின்னால் நமக்குத் தேவைப்படும். 1933இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ராவின் குழு விலங்குகளில் சோதித்து, அழுத்தம் இறங்குவதையும் மயக்கம் ஏற்படுவதையும் உறுதி செய்தது.

இதற்குப் பிறகு வந்தது ஒரு புதிர். சித்திக்கி பிரித்த அழகான படிகங்கள் எதுவும் வேரைப் போலத் தணிக்கவில்லை. படிகங்களை எடுத்த பிறகு மிஞ்சிய பிசின் பகுதியில்தான் தணிக்கும் குணம் இருந்தது. இதை இந்திய ஆய்வாளர்கள் நாற்பதுகளிலேயே கவனித்துவிட்டார்கள். அந்தப் பிசினுக்குள் இருந்த பொருளைத் தனியே எடுத்தவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்தில் இருந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் மூவரும். ஆண்டு 1952. பொருளின் பெயர் ரெசர்பின். கருவிகளும் பணமும் பாசலில் இருந்தன. எங்கே தேட வேண்டும் என்ற குறிப்பு இந்தியாவிலிருந்து போயிருந்தது. கண்டுபிடிப்பின் கதையை 1952இலிருந்து தொடங்கிச் சொல்கிற புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தக் குறிப்பை உலகுக்குக் கொண்டுசேர்த்தவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். பல ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு, உயர் அழுத்தம் உள்ள 50 பேரிடம் செய்த சோதனையை 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் அமெரிக்காவில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் நோயாளிகளின் படபடப்பும் பதற்றமும் அடங்கின, பழைய தூக்க மருந்துகளின் கிறக்கம் இல்லாமல். நியூயார்க் மாநிலத்தில் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் நேதன் க்ளைன் இதை நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்து 1954இல் முடிவுகளை வெளியிட்டார். மருந்து கொடுத்த வார்டுகளில் உடையும் ஜன்னல் கண்ணாடிகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாகக் கண்ணாடி மாற்றுகிற தொழிலாளி வந்து சொன்னதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சங்கிலியும் குளிர்ந்த நீர்ப் போர்வையும் மின்னதிர்ச்சியும் தவிர வேறு வழி அதிகம் தெரியாதிருந்த காலத்தில் அந்தக் கண்ணாடிக் கணக்கு எவ்வளவு பெரிய செய்தி! 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ விருது பெற்றவர்களில் வக்கீலும் க்ளைனும் இருந்தார்கள்.

மனநோய் வார்டில் ரெசர்பினின் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. அதே 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து வந்துவிட்டது. அது சீக்கிரம் வேலை செய்தது. அழுத்தத்தை இவ்வளவு இறக்கவில்லை. ஐம்பதுகள் முடிவதற்குள் மருத்துவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ஆனால் ரெசர்பின் மூளையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது வேறு எந்த மருந்தும் அந்தக் காலத்தில் சொல்லாதது. நரம்பு முனைகளில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் போன்ற தூது வேதிப்பொருள்கள் அவற்றில் சேமித்துவைக்கப்பட்டு, தேவைப்படும்போது வெளியே விடப்படுகின்றன. பைக்குள் இவற்றை ஏற்றும் புரதத்தை ரெசர்பின் பிடித்துக்கொள்கிறது, விடுவதே இல்லை. ஏற்ற முடியாமல் வெளியே தங்கும் தூதுப்பொருள் நொதிகளால் சிதைக்கப்பட்டு, பைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகின்றன. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் போகும் நரம்பில் சரக்கு தீர்ந்தால் குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்கும், நாடி மெதுவாகும். மூளையில் தீர்ந்தால் கொந்தளிப்பு அடங்கும். மருந்து முழுப் பலன் காட்ட நாட்களும் வாரங்களும் ஆவதற்கும், நிறுத்திய பிறகும் அதன் விளைவு தொடர்வதற்கும் இதுவே காரணம். புதிய பைகள் உருவாகி வந்தால்தான் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும்.

1955இல் அமெரிக்காவில் ப்ரோடி, ப்ளெட்ஷர், ஷோர் மூவரும் ரெசர்பின் செரட்டோனினைத் தீர்த்துவிடுவதைக் காட்டினார்கள். அடுத்தது ஸ்வீடன். 1957இல் அர்வித் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்களை ஆராய்ந்தார். காது தொங்கி, கண் செருகி, அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபமினின் முன்னோடிப் பொருளான எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. அசைவுக்கு டோபமின் வேண்டும் என்ற அறிவு அங்கிருந்து பிறந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் இன்று விழுங்கும் எல்-டோபா மாத்திரையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1956இல் ஹார்வர்டில் வுட்வர்ட் ரெசர்பின் மூலக்கூறு முழுவதையும் ஆய்வகத்தில் கட்டியெழுப்பினார். கரிம வேதியியல் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் சாதனை அது.

இனி, கெடுதல். 1954 முதலே ரெசர்பின் எடுத்துக்கொண்ட அழுத்த நோயாளிகள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுவதாக அறிக்கைகள் வரத் தொடங்கின. தூது வேதிப்பொருள் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்ற கருதுகோளுக்கு இது பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் விஷயம் அவ்வளவு நேரானதில்லை. 1955இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பினும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரெசர்பின் எடுத்தவர்களுக்கே முன்னேற்றம் தெரிந்தது. லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வு பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. சோர்வு அறிக்கைகளில் பெரும்பாலானவை நாளுக்கு அரை மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களைப் பற்றியவை என்பதையும், அசைவு மந்தமானதையே சோர்வு என்று எழுதியிருக்கலாம் என்பதையும் பிற்கால மறுபரிசீலனைகள் சுட்டிக்காட்டின. என் மதிப்பீட்டில், எல்லோருக்கும் மனச்சோர்வு தரும் மருந்து என்ற பெயர் இதற்கு நியாயமானதல்ல. ஆனால் மனச்சோர்வு முன்பே இருந்தவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. அதைத் தளர்த்த எந்த ஆதாரமும் வரவில்லை.

1974இல் இன்னொரு அடி விழுந்தது. ரெசர்பினுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக மூன்று ஆய்வுகள் ஒரே நேரத்தில் லான்செட்டில் வெளிவந்தன. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் போன பெயர் திரும்பவில்லை. காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரைக்காக வாதாட எந்த நிறுவனத்துக்கு அக்கறை?

இழந்தது என்ன என்று பார்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால் உண்மையிலேயே பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் குறையுமா என்ற கேள்விக்கு முதலில் தெளிவான விடை சொன்னது 1967இல் வெளிவந்த அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனை. கடுமையான அழுத்தம் உள்ள 143 ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்துக் குழுவில் 2 பேருக்கு. அந்த மூன்றில் ஒன்று ரெசர்பின். 1991இல் முதியோரிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனையிலும் மாற்று மருந்தாக அது இடம்பெற்றது, நாளுக்கு வெறும் 0.05 மில்லிகிராம் அளவிலிருந்து. சீனாவில் ரெசர்பின் கலந்த மலிவுக் கூட்டு மாத்திரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2009இல் வெளியான காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, நான்கு சிறிய சோதனைகளைத் தொகுத்து, ரெசர்பின் மேல் அழுத்தத்தைக் கணிசமாக இறக்குகிறது என்றும், பக்கவிளைவுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை என்றும் முடித்தது.

இப்போது அந்தக் கல்கத்தா அளவுக்குத் திரும்பலாம். வேரில் ரெசர்பின் சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 1 கிராம் தூளில் 1 மில்லிகிராம். வேளைக்கு 1.3 கிராம், நாளுக்கு இருவேளை என்றால் 2.6 மில்லிகிராம். இன்று அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் உச்ச அளவு பெரும்பாலும் 0.25 மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். கொந்தளிக்கும் மனநோயாளிக்கு வைத்தியர் அருகில் இருந்து கொடுத்த அளவு அது. அதையே தூக்கம் வரவில்லை என்று வீட்டில் ஸ்பூனால் அள்ளிப் போட்டுக்கொண்டால்? போதாததற்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதும் நிலையான கணக்கல்ல. செடியின் வயது, மண், தோண்டிய பருவம், உலர்த்திய விதம், பட்டை மிஞ்சிய அளவு எல்லாவற்றையும் பொறுத்துச் சத்து மாறும். மொத்த ஆல்கலாய்டு அளவே ஒரு சரக்குக்கும் இன்னொரு சரக்குக்கும் இடையே பல மடங்கு வேறுபடும். கலப்படம் வேறு. தமிழ்நாட்டில் களையாக மண்டும் பாம்புக்களா இதன் பங்காளிச் செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அதன் வேர் சர்ப்பகந்தா என்ற பெயரில் சந்தைக்கு வருவது தாவரவியலாளர்கள் அறிந்த செய்தி.

முழு வேர் மென்மையானது, பிரித்த ரசாயனம்தான் கடுமையானது என்று பலர் சொல்கிறார்கள். வேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருப்பதும் அவை ஒன்றையொன்று பாதிக்கக்கூடும் என்பதும் சரிதான். ஆனால் வேரைத் தின்றாலும் அந்தப் பைகள் காலியாகத்தான் செய்யும். மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, நாடித் தளர்ச்சி, கெட்ட கனவு, வயிற்றில் அமிலச் சுரப்பு எல்லாம் வேர்த்தூளுக்கும் உண்டு. குடற்புண், மனச்சோர்வு, பார்க்கின்சன் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கூடாது: மருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும், பிறந்த குழந்தைக்கு மூக்கடைத்து மூச்சுத் திணறும். ஏற்கெனவே அழுத்த மாத்திரையோ மனநோய் மாத்திரையோ எடுப்பவர், ஆயுர்வேதக் கடையில் வாங்கிய சர்ப்பகந்தா மாத்திரையைப் பற்றித் தன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் நாடியும் அழுத்தமும் பார்த்து, சிறு அளவில் கொடுத்துக் கவனிப்பது வேறு விஷயம். அதற்கு நான் எதிரியல்ல. இணையத்தில் வாங்கிய டப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ரெசர்பின் ஓரங்கட்டப்பட்டாலும் அதன் வழி மூடப்படவில்லை. அதே போலச் செயல்படும் எளிய மூலக்கூறைத் தேடிய ஆய்வில் ஐம்பதுகளில் டெட்ராபெனசின் கிடைத்தது. அது அதே புரதத்தைப் பிடிக்கிறது, ஆனால் விட்டுவிடுகிறது. விளைவு சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஹன்டிங்டன் நோயில் கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் ஆடுவதைத் தணிக்கும் மருந்தாக அதற்கு 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மனநோய் மருந்துகளை நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு வாயும் நாக்கும் தானாக அசையும் கோளாறுக்கு 2017இல் இதே வகையைச் சேர்ந்த வால்பெனசின் அனுமதி பெற்றது. அஜ்மலினும் சும்மா இல்லை. ப்ருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறு மறைந்திருக்கிறதா என்று ஐரோப்பிய மருத்துவமனைகள் அதை இரத்தக் குழாயில் ஏற்றிச் சோதிக்கின்றன.

செடிதான் பாவம். வேர்தான் மருந்து என்பதால் எடுத்தால் செடியே போய்விடும். ஐம்பதுகளில் உலகச் சந்தை கேட்டபோது காடுகளில் கூடைகூடையாகத் தோண்டினார்கள். இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் இதே பேரினத்து மரத்தின் பக்கம் திரும்பின. நைஜீரியாவின் யொரூபா வைத்தியர்களும் அந்த மரத்தின் வேரை மனநோய்க்கே கொடுத்துவந்தவர்கள். 1990 முதல் சர்ப்பகந்தா அழியும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த வேரை இந்தியாவிலிருந்து அனுப்பவும் தடை உண்டு.

பயிரிடலாம், ஆனால் பொறுமை வேண்டும். விதையில் பாதிகூடப் பல சமயம் முளைக்காது. தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்கிவிட்டு மூழ்கியதை மட்டும் நாற்றங்காலில் விதைக்க வேண்டும். வேர்த்துண்டும் தண்டுத்துண்டும் நட்டு வளர்ப்பவர்களும் உண்டு. வேர் தோண்டும் பருவத்துக்கு வர ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் இலை கொட்டியிருக்கும்போது எடுத்தால் சத்து அதிகம். மரங்களுக்கு இடையில் ஊடுபயிராக நிழலில் போடலாம். வாங்குகிற மருந்து நிறுவனம் வேரைச் சோதித்து, ஆல்கலாய்டு அளவுக்கு ஏற்ப விலை தந்தால் விவசாயிக்கும் கட்டும், நோயாளிக்கும் தான் விழுங்கும் அளவு தெரியும். இன்று அப்படி அளவிட்டு, அந்த எண்ணை டப்பாவின் மேல் அச்சிடும்படி எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டாயப்படுத்துவதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை.